வலது கண் பார்த்தது

ஒருநாள் மட்டும் போட்டு எறிகிற லென்ஸைக் காலையில் கண்ணில் வைத்ததும் முதலில் எதைப் பார்க்கிறோமோ, அது சாயங்காலம் லென்ஸைக் கழற்றும்போது லென்ஸோடு போய்விடும். அதனால் எங்கள் ஊரில் லென்ஸ் போடுகிற வீடுகளில் வெங்காயத் தோலை உடனே குப்பையில் போடுவதில்லை. ஒரு தட்டில் எடுத்துவைத்துக்கொள்கிறோம். காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பது.

நான் லென்ஸுக்கு மாறியது என் மகள் ஹெப்சிக்கு ஏழாவது மாதம் நடந்தபோது. அதுவரை கண்ணாடிதான். மைனஸ் ஆறரை பவர். கை நீட்டத் தெரிந்த நாளிலிருந்து என் முகத்தில் அவளுக்குப் பிடித்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். இரண்டு ஃபிரேம்களை உடைத்தாள். மூன்றாவதை அவள் மென்றுகொண்டிருந்தபோது என் கணவர் கிளாட்வின், "லென்ஸ் வாங்கிக்கோ ஜெசி. பிள்ளைக்குப் பல்லு முளைக்கிற நேரம்" என்றார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருக்கும் கண்ணாடிதான். கண்ணாடிக்கு எதையும் கொண்டுபோகிற பழக்கம் கிடையாது. அதைத்தான் நாம் எங்காவது விட்டுவிட்டு வருவோம்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பால்பாண்டியன் அண்ணாச்சியின் கண்ணாடிக் கடை இருக்கிறது. அண்ணாச்சி என் விழியின் வளைவை அளந்தார். கண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஊறுகிறது என்று ஒரு காகிதத் துண்டை இமைக்குள் வைத்துப் பார்த்தார். கடைசியில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்.

"வீட்டுல கழிக்க என்ன இருக்கு, தங்கச்சி?"

யோசித்துச் சொன்னேன். காய்கறித் தோல், எழுதாத பேனாக்கள், கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள் பதினொன்று.

"அப்ப ஒருநா லென்ஸ் போதும். மாச லென்ஸெல்லாம் பெரிய சாமான் உள்ளவுகளுக்கு."

மாச லென்ஸ் முதல் நாள் பார்த்ததை முப்பது நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகும். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, மாடியில் குடியிருந்தவரைப் பார்த்தார். மாசக் கடைசியில் மாடி காலி. கலர் லென்ஸ் வேறு மாதிரி. பொருளை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். கல்யாண வீடுகளில் அதனால் மனஸ்தாபங்கள் உண்டு.

அண்ணாச்சி ஒரு லென்ஸை விரல் நுனியில் நிறுத்திக் காட்டினார். கிண்ணம்போல் நின்றால் சரியான பக்கம். தட்டுபோல் விரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியில் துடைக்கவேண்டும். குழாய்த் தண்ணீர் லென்ஸில் படக்கூடாது. எப்போதும் வலது கண்ணில் தொடங்கவேண்டும், அப்போதுதான் இடம் வலம் மாறாது. போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது; தூங்கினால் லென்ஸ் தானாக ஒரு முடிவு எடுத்துக்கொள்ளும். கழற்றியதை மறுநாள் போடக்கூடாது. சிங்க்கில் போடவே கூடாது. எங்கள் அடுக்குமாடியில் இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி சிங்க்கில் போட்டாள். அவள் கழித்த பிளாஸ்டிக் வாளி முதல் மாடிச் சிங்க்கில் பாதி வந்து நின்றது. கைப்பிடி உள்ள பாதி.

"ஆளுகளை மட்டும் பாத்துராத," என்றார் அண்ணாச்சி. "பாத்துட்டு சாயங்காலம் இங்க வந்து அழுதா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் எனக்கு இது சிரமமாகத் தெரியவில்லை. சிஸ்டர் எமரென்சியா வெள்ளிக்கிழமைதோறும் எங்களை வரிசையாகக் கொய்யா மரத்தைத் தாண்டி நடக்கவிடுவார். யார் நிமிர்ந்து பார்த்தது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். பன்னிரண்டு வருஷத்தில் நான் அந்த மரத்தில் ஒரு பழத்தைக்கூடப் பார்த்ததில்லை. மரம் பச்சையா என்பதைக்கூட மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஆகவே காலையில் முகம் பார்க்கிற கண்ணாடியைத் துண்டால் மூடுவேன். இல்லாவிட்டால் முதலில் தெரிவது நான்தான். தட்டை மேஜையில் வைத்து, குனிந்து, தடவித் தடவியே லென்ஸைப் போடுவேன். கடிகாரங்கள் பதினொரு நாளில் போயின. பிறகு பேனாக்கள். மூன்று மாதம் ஒரு தவறும் நடக்கவில்லை.

செப்டம்பரில் காலாண்டு லீவுக்குக் கிரேஸ்லின் மதினி வந்தார். கிளாட்வினின் அக்கா. ஏரலில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். பிள்ளை இல்லை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அதை ஊதினால் ஹெப்சி அழுகையை நிறுத்திவிடுவாள். நானும் ஒருநாள் மதினி குளிக்கப் போயிருந்தபோது எடுத்து ஊதிப் பார்த்தேன். ஹெப்சி கூடுதலாக அழுதாள்.

வந்த இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் மதினி சொன்னார்: "சனிக்கிழமை நான் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒரு மாசம் எங்கூட இருக்கட்டும். ஜெசியும் கொஞ்சம் தூங்குவா. பாரு, கண்ணு ரெண்டும் கோழிக்குஞ்சு மாதிரி சொருகுது."

"யோசிப்போம்க்கா," என்றார் கிளாட்வின்.

மதினியின் பெட்டி பத்து நாளைக்குத் தேவையானதைவிடப் பெரிதாக இருந்தது. அதை நான் முதல் நாளே கவனித்திருந்தேன். பாதி காலியாகவும் இருந்தது.

மதினியின் கண்ணைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவருக்கு மைனஸ் பதினாலு இருந்தது. அந்த அளவு பவருக்குக் கண்ணுக்கு உள்ளேயே ஆபரேஷன் செய்து ஒரு லென்ஸை வைத்துவிடுகிறார்கள். ஊரில் அதை நிலை லென்ஸ் என்பார்கள். அதைக் கழற்றுவது என்கிற பேச்சே இல்லை என்பதால், அது முதலில் பார்த்ததும் எங்கேயும் போகாது. ஆகையால் கட்டுப் பிரிக்கிற நாளில் ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வேண்டியதைக் கையில் கொண்டுவருவார்கள். வீட்டுப் பத்திரம், தாலிச் சங்கிலி, கணவன். ஒரு அம்மா எருமையைக் கூட்டிவந்திருந்தார். செக்யூரிட்டி அதை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார்.

மதினிக்குக் கட்டுப் பிரித்தபோது ஹெப்சிக்கு மூன்று மாதம். நாங்களும் போயிருந்தோம். மதினியின் வீட்டுக்காரர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவர், எல்லாம் முடிந்தபிறகுதான் வந்தார். நான் ஹெப்சிக்குப் பால் கரைக்க வெந்நீர் வாங்கக் கேன்டீனுக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது மதினியின் கண்கள் திறந்திருந்தன. ஹெப்சி அவர் மடியில் இருந்தாள்.

"என்ன பாத்தீங்க, மதினி?"

"ஃபேன்," என்றார்.

அதிலிருந்து எனக்கு அந்த ஃபேன்மேல் ஒரு கண். போன மாதம் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, பதினாலாம் வார்டு ஃபேன் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். ரிசப்ஷன் பெண் கேட்டுவந்து சொன்னாள். அந்த வார்டில் ஏ.சி. வைத்தாகிவிட்டது, ஃபேன்களையெல்லாம் உருக்கக் கொடுத்தாகிவிட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். உருகிப்போகிற ஃபேனை நிலை லென்ஸ் பார்த்திருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை தட்டில் கிளாட்வினின் அறுந்த செருப்பு வார் இருந்தது. முகக் கண்ணாடியை மூடினேன். கையைக் கழுவித் துடைத்தேன். வலது லென்ஸ் விரலில் கிண்ணம்போல் நின்றது. கீழ் இமையை இழுத்து வைத்தேன். கண்ணை மூடி, லென்ஸ் உட்காருவதற்காக விழியை இரண்டு தடவை உருட்டினேன். திறக்கப்போகிற நேரத்தில் எனக்கும் தட்டுக்கும் நடுவில் ஏதோ வந்தது. பால் வாசனை அடித்தது.

"அம்மா முழிக்கட்டும், அம்மா முழிக்கட்டும்," என்று மதினியின் குரல்.

கண் திறந்துவிட்டது. மஞ்சள். அதற்குக் கீழே ஹெப்சி. மதினி அவளை இரண்டு கையாலும் என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். ஹெப்சி புருவம்வரை இறங்குகிற மஞ்சள் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள்.

"காலையில பிள்ளை முகத்துல முழிச்சா அன்னிக்குப் பூரா நல்லாருக்கும்ட்டி," என்றார் மதினி.

நான் தலையாட்டினேன். இடது லென்ஸைப் போட்டு ஒழுங்காகச் செருப்பு வாரைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் வெவ்வேறு பொருளைப் பார்த்தால் அந்தந்த லென்ஸ் அதனதன் பொருளைக் கொண்டுபோகும். இடது கண் பிரச்சினையில்லை. வலது கண் பார்த்தது தொப்பியையா, தொப்பிக்குள் இருந்தவளையா என்பதுதான் தெரியவேண்டியிருந்தது. மஞ்சளுக்கும் ஹெப்சிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஒரு கடுகு வெடிக்கிற நேரம்கூட இல்லை.

முதல் வேலையாகத் தொப்பியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். போவதாக இருந்தால் அது தனியாகப் போகட்டும். பிறகு ஹெப்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். "வெயில்ல எங்கட்டி தூக்கிட்டு அலையுத, எங்கிட்ட விட்டுட்டுப் போயேன்" என்று மதினி வாசல்வரை வந்தார். ஏன் அவ்வளவு தூரம் வரவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அண்ணாச்சி என் தாடையை மெஷினில் வைக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"மஞ்சளா தெரியுது."

"தொப்பியா, அண்ணாச்சி?"

"மஞ்சள்னுதான் தெரியுது. அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு கழட்டுனாத்தான் தெரியும்."

"கழட்டினா?"

"தொப்பின்னா தொப்பி." ஹெப்சி அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். அவர் விட்டுக்கொடுத்தார். "இல்லன்னா இல்ல."

"கழட்டாமயே இருந்தா?"

"கண்ணு தாங்குற வரைக்கும் இருக்கலாம். காய விடாத. எரிஞ்சா இந்தச் சொட்டு மருந்தை விடு. தேய்க்காத, அழாத, தூங்காத." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளையை முன்னால காட்டுனது யாரு?"

"எங்க மதினி."

"அவுகளுக்கு லென்ஸ் விவரம் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். அண்ணாச்சி வெளிச்சத்தை அணைத்தார். அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாததை நான் குறித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் இடது லென்ஸை மட்டும் கழற்றினேன். தட்டில் இருந்த செருப்பு வார் போனது. அது போன வேகத்தைப் பார்த்தபிறகு ஹெப்சியைக் கீழே இறக்க மனம் வரவில்லை. கிளாட்வின் வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"தொப்பியாத்தாம்மா இருக்கும்," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நல்லதா நினைக்கணும்." டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அக்காவைச் சந்தேகப்படுதியா?"

"இல்ல."

"அப்ப சரி," என்றார். சந்தேகப்படவில்லை என்று நான் சொன்னதில் அவருக்கு நிஜமாகவே நிம்மதி வந்தது. அவர் எப்போதும் அப்படித்தான். நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குக் கீழே இருப்பதெல்லாம் ஒழுங்காக அடுக்கியதுபோலத்தான் தெரியும்.

நான் தூங்கவில்லை. சொட்டு மருந்து ஒரு பாட்டில் தீர்ந்தது.

புதன்கிழமை காலை வலது கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. பத்து மணிக்கு அது மிளகாயானது. இடது கண்ணுக்கு லென்ஸ் போடவில்லை. புதிதாக எதையும் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. வலது கண்ணில் தெரிகிற உலகமும் ஓரங்களில் புகைய ஆரம்பித்தது. அந்தப் புகைக்கு நடுவில் ஹெப்சி தவழ்ந்தாள், மதினி பின்னாலேயே போனார், நான் மதினிக்குப் பின்னால் போனேன். வரவேற்பறையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி என்று மூன்று பேரும் வரிசையாகப் போய்வந்தோம்.

"ஏட்டி, என்ன கண்ணு தக்காளியா இருக்கு?" என்றார் மதினி. "அழுதியா? தம்பி எதும் சொன்னானா?"

"தூசி, மதினி."

"கழட்டித் தொலையேன் அந்தக் கருமத்தை."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஹெப்சியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழற்றச் சொல்கிறவர் அதை ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார் என்று தோன்றியது.

நாலரைக்கு அண்ணாச்சி ஃபோன் செய்தார். அன்று சாயங்காலத்துக்குமேல் அந்த லென்ஸை வைத்திருந்தால் கருவிழி புண்ணாகிவிடும், அதற்குப்பிறகு பார்ப்பதற்கே கண் இருக்காது என்றார். "நானும் யோசிச்சுப் பாத்தேன், தங்கச்சி. ஒரு வழிதான் இருக்கு. உன் பிள்ளையை யாராவது நிலை லென்ஸ்ல முதல்ல பாத்திருக்காங்களா?"

நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். "பாத்திருந்தா?"

"போகப்போறதும் போகாததும் ஒரே பொருள் மேல உக்காந்தா, போகாததுதான் ஜெயிக்கும். பிள்ளை எங்கயும் போகாது."

"யார்கிட்டயிருந்து போகாது, அண்ணாச்சி? எங்கிட்டயிருந்தா, பாத்தவுங்ககிட்டயிருந்தா?"

அண்ணாச்சி அந்தப் பக்கத்தில் யாருக்கோ மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பது கேட்டது. பிறகு சொன்னார்: "அது எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். ஒருநா லென்ஸ் வெறுங்கையோட போகாது. பிள்ளையைக் கொண்டுபோக முடியலன்னா பிள்ளைகிட்டயிருந்து வேற ஏதாவது எடுத்துக்கிடும். எதைன்னு கேக்காத."

ஃபோனை வைத்தேன். கதவுக்கு வெளியே விசில் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஹெப்சியின் சிரிப்பு. ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி நான் சந்தேகப்பட்டதெல்லாம் உண்மையாக இருக்கவேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். அப்படி ஒரு ஜெபத்தை அதற்குமுன் நான் பண்ணியதில்லை.

மதினி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் காலுக்கு நடுவில் ஹெப்சி. நான் எதிரே உட்கார்ந்து ஹெப்சியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மதினி, அன்னிக்கு ஆஸ்பத்திரில கட்டுப் பிரிச்சப்ப என்ன பாத்தீங்க?"

"ஃபேன்னு சொன்னேன்லா."

"அந்த ஃபேன் இப்ப இல்ல. உருக்கிட்டாங்க. விசாரிச்சுட்டேன்."

மதினி விசிலை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டார். பிறகு திரும்ப வெளியே எடுத்தார்.

"கான்வென்ட்டுக்காரிக்கு வேலையைப் பாரு," என்றார். "ஆஸ்பத்திரி ஃபேனுக்கெல்லாம் ஆள் அனுப்பி விசாரிக்குதா."

"ஃபோன்லதான் விசாரிச்சேன்."

"சரி. பிள்ளையைத்தான் பாத்தேன். இப்ப என்னங்குத?"

வலது கண் எரிந்தது. அழக்கூடாது என்று அண்ணாச்சி சொல்லியிருந்ததால் மேலே பார்த்துக்கொண்டேன்.

"இந்த விசிலைப் பாக்கலாம்னுதான் கொண்டுபோயிருந்தேன்," என்றார் மதினி. "உங்க அண்ணன் வண்டியை நிழல்ல விடப் போயிட்டாரு. நீ வெந்நி வாங்கப் போயிட்ட. தம்பி இவளை என் மடியில போட்டுட்டு ஃபோன் பேசப் போயிட்டான். நர்ஸ் கட்டைப் பிரிச்சுட்டு, எதை வேணும்னாலும் பாருங்க டீச்சர்னுச்சு. விசில் ஒரு கையில இருக்கு. இவ ஒரு கையில இருக்கா. ஒரு செகண்டுதாம்ட்டி."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா அதுக்கப்புறம் தூக்க விட்டிருப்பியா?"

விட்டிருக்கமாட்டேன்தான்.

"அப்ப நேத்து காலையில வேணும்னுதான் என் முன்னால காட்டினீங்களா? எங்கிட்டயிருந்து போகட்டும், உங்ககிட்ட இருக்கட்டும்னு?"

மதினி என்னைப் பார்த்தார். புகைக்கு நடுவில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எனக்கு விளங்கியிருக்குமா என்று சொல்ல முடியாது.

"தட்டுல அறுந்த செருப்பை வச்சுக்கிட்டு விடியக்காலம் அது முன்னால தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்க," என்றார். "விளங்குமா வீடு? ஒரு நாளாவது பிள்ளை மூஞ்சில முழிக்கட்டும்னு காட்டினேன். நீ லென்ஸைப் போட்டுட்டியா இன்னும் போடலையான்னு எனக்கு எப்படித் தெரியும்? முதுகுல எழுதியா இருக்கு?"

அது நியாயமான பேச்சுதான். நியாயமாக இருந்ததாலேயே அதை முன்பே யோசித்து வைத்திருப்பாரோ என்று நினைத்தேன்.

மணி ஐந்தாகியிருந்தது. கண் தானாக மூட ஆரம்பித்தது. மூடினால் திறக்க முடியுமா என்பது தெரியவில்லை.

"கழட்டிடலாம்," என்றேன்.

"பிள்ளையை இங்க தா. நீ கழட்டு."

"பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும். நீங்க கழட்டுங்க."

மதினி எழுந்து போய்க் கை கழுவினார். தண்ணீர் ஓடுகிற சத்தத்தை எண்ணினேன். சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, நூல் உதிராத துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். ஒன்றையும் விடவில்லை. நகத்தைக்கூட வெட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகளின் சுளுக்கை எடுத்துப் பழகிய விரல்கள். நான் ஹெப்சியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையைச் சுவரில் சாய்த்தேன்.

"மேல பாரு."

மேலே பார்த்தேன். லென்ஸ் காய்ந்து ஒட்டியிருந்தது. மதினி அவசரப்படவில்லை. இரண்டு சொட்டு மருந்து விட்டார், காத்திருந்தார். லென்ஸ் நகர ஆரம்பித்ததும் கீழே இழுத்து, இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார். வலி ஒன்றுமில்லை. உலகம் மொத்தமும் மங்கலாகிவிட்டது. மதினியின் விரல் நுனியில் மஞ்சளாக ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது. அது சுருங்கி, மீன் செதில்போல் ஆகி, பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று.

என் கைகள் லேசாயின.

போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். பிடியை இறுக்கினேன். கைகளுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. முகத்தை நெருக்கி வைத்துப் பார்த்தேன். ஹெப்சி என் கன்னத்தில் எச்சில் பூசினாள். விரல்களை எண்ணினேன், இருபதும் இருந்தன. காதுகள் இருந்தன. முன்பல் இரண்டும் இருந்தன. அலமாரியைத் திறந்து பார்க்கும்படி மதினியிடம் சொன்னேன். தொப்பியும் இருந்தது.

"எல்லாம் இருக்குட்டி," என்றார் மதினி. "ஒண்ணும் போகல்ல."

"வெறுங்கையோட போகாதுன்னு சொன்னாரே."

"வியாபாரத்துக்கு ஆயிரம் சொல்லுவாக."

கண் கழுவுவதற்காக எழுந்து, அவளை நெஞ்சிலிருந்து தரையில் இறக்கினேன். அவள் தரைக்குப் போகவில்லை. நான் விட்ட இடத்திலேயே, என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு மெதுவாக மேலே வந்தாள். என் இடுப்பு, என் தோள், என் நெற்றி. மேலே போகும்போது என் தலைமுடியைப் பிடித்தாள். முடி நீளம் முடிந்ததும் விட்டுவிட்டாள். போன வாரம் ஊசி போடப் போனபோது எட்டு கிலோ நானூறு இருந்தாள். அது அத்தனையும் போயிருந்தது.

மதினி எட்டி இடது காலைப் பிடித்தார். நான் சத்தத்தை வைத்துத் தடவி வலது காலைப் பிடித்தேன்.

"ஃபேனை நிறுத்து," என்றார் மதினி.

நிறுத்தினேன். சுவிட்ச் வரைக்கும் மூன்று பேரும் சேர்ந்துதான் போகவேண்டியிருந்தது. ஹெப்சி மேலே நின்றுகொண்டு, சுற்றி முடித்த ஃபேனின் இறக்கையைப் பிடித்து அசைத்துச் சிரித்தாள். கூழ் ஊட்டுகிற நேரம் ஆகியிருந்தது. மதினி ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டே காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டே ஸ்டூலில் ஏறினேன். முதல் வாய் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது வாயைத் துப்பினாள். துப்பியது ஒழுங்காகக் கீழே விழுந்தது.

"சனிக்கிழமை எப்படிப் போவீங்க, மதினி?" என்றேன்.

"எப்படிப் போக? நீ ஒத்தையில பிடிச்சிருவியா?"

மதினியின் பிடி கொஞ்சம் வாசல் பக்கமாக இழுப்பதுபோல் இருந்தது. நானும் என் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவைத்தேன். அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆறரைக்குக் கிளாட்வின் வந்தார். கதவைத் திறந்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஹெப்சிக்குக் கீழாக நடந்து உள்ளே போனார். கை கால் கழுவிக்கொண்டு வந்து, அவள் காலுறைகள் இரண்டிலும் ஒவ்வொரு கைப்பிடி புளியங்கொட்டை போட்டுவிட்டு, டீ இருக்கிறதா என்று கேட்டார்.